ஷிப்ட் அட்டவணையில் இருக்கிறது மனநலம்: மேலாளர்கள் உண்மையில் செய்ய வேண்டியது என்ன?

2023 அக்டோபரில் ஒரு பெருந்தொழிலதிபர், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தலைவர் அதை 90 ஆக்கினார். இடையில் 2024-ல், புணேயில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே 26 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு ‘ஊழியர் மனநலம்’ என்ற பேச்சு பெருநகரத்து ஐடி அலுவலகங்களோடு நிற்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் சுற்றறிக்கை வருகிறது, சுவரில் வாசகம் ஒட்டுகிறார்கள், சூப்பர்வைசர்களை உட்காரவைத்து ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறார்கள்.

வகுப்பு முடிந்து லைனுக்குத் திரும்பும் சூப்பர்வைசருக்குக் குழப்பம்தான் மிச்சம். “டார்கெட்டையும் பார்க்கணும், ஆளுங்க மனசையும் பார்க்கணும்னா எப்படிங்க? நான் என்ன டாக்டரா?” இது நியாயமான கேள்வி. ஊழியரின் மனதைக் குணப்படுத்துவது மேலாளரின் வேலை கிடையாது. ஆனால் வேலை மனதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலைதான். அதற்கான கருவிகள் பெரும்பாலும் அவர் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவை: ஷிப்ட் அட்டவணை, லீவு அனுமதி, தவறு நடந்தால் பேசும் விதம். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

எல்லாவற்றையும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அதனால்தான் யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் குழம்பிவிடுகிறது.

1. அழுத்தம்: கேட்கப்படுவது அதிகமாகவும் கையில் இருப்பது குறைவாகவும் இருக்கும்போது உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. மாதக் கடைசியில் இரண்டு நாள் வந்து போனால் அது இயல்பு. மாதம் முழுக்கத் தங்கிவிட்டால் சிக்கல்.

2. பர்ன்அவுட்: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. நாள்பட்ட வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது, அடையாளங்கள் மூன்று. சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதைச் செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் வருவது. இதை நோய் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றே வகைப்படுத்துகிறது. காரணம் வேலையில் இருப்பதால் தீர்வையும் அங்கேதான் தேட வேண்டும்.

3. மனச்சோர்வு நோய், பதற்ற நோய்: இவை மருத்துவ நிலைகள். சிகிச்சை உண்டு, குணமாகும். இவற்றைக் கண்டறிவது மருத்துவரின் பொறுப்பு. மேலாளர் பெயர் சூட்டக் கூடாது.

4. பிணைப்பு: கூட வேலை செய்பவர்களில் இரண்டு பேராவது தன்னைத் தெரிந்தவர்கள், வரவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள் என்ற நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிக்கும் இடம் வேலையிடம் என்பதால், தனிமை வளர்வதும் குறைவதும் அங்கேயே நடக்கிறது.

வேலை அதிகம் என்பது மட்டும் காரணமா?

‘எங்க காலத்தில இதைவிட அதிகம் உழைச்சோம்’ என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. உண்மையாகவே உழைத்திருப்பார்கள். ஆனால் வேலையின் அளவு மட்டுமே மனிதரை உடைப்பதில்லை என்பது ஆய்வுகளில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை கேட்பது அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் பாதிப்பு மிக அதிகம். சொந்த நிலத்தில் விடியற்காலையிலிருந்து உழைப்பவர் எப்போது உட்காரலாம் என்பதைத் தானே முடிவு செய்கிறார். கன்வேயர் முன்னால் நிற்பவர் கழிவறைக்குப் போகக்கூட ரிலீவர் (மாற்று ஆள்) வரும்வரை காத்திருக்க வேண்டும். 1980களில் ஜான்சன், ஹால் என்ற இருவர் மூன்றாவதாக ‘ஆதரவு’ என்பதையும் சேர்த்தார்கள். வேலை கடினம், தன் கையில் எதுவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் நிலைமை மிக மோசம். 1996-ல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் வேறொரு கோணத்தைக் காட்டினார்: போட்ட உழைப்புக்கு ஈடாகக் கூலி, மரியாதை, வேலை நிலைப்பு கிடைக்காத இடத்தில் உடல்நலமும் கெடுகிறது. 1985-ல் தொடங்கி பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வேலையில் தன் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது தெரிந்தது. மனம் மட்டும் சம்பந்தப்பட்ட பேச்சு இல்லை இது.

மணி நேரத்துக்கும் எல்லை உண்டு. 2025 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடல்நலத்தைப் பாதிக்கக்கூடும் என்று ஆய்வுகளை மேற்கோள் காட்டிச் சொன்னது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறியது; எதிர்ப்பு கிளம்பியதும் மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

யோகா வகுப்பு ஏன் போதவில்லை?

யோகாவில் குறை ஒன்றும் இல்லை. நிறுவனம் அதோடு நின்றுவிடுவதுதான் குறை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளைப் பார்த்தார். மனஉறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, மனநலச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தன்னார்வத் தொண்டில் ஈடுபட்டவர்களிடம் மட்டும் சிறிய நன்மை தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது. வேலையின் அமைப்பையே மாற்றுவது, மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இரண்டையும் அது பரிந்துரைக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது, அதன் மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர் என்பது அந்த நிறுவனம் தரும் கணக்கு.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேலைக்கு வருவது யார்?

வழிகாட்டுதல்களை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிக்கென்று ஒரு நிலைமை இருக்கிறது.

1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூர் வளர்ந்தது. லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம், இப்போது மின்னணு உதிரிபாகம், மின்சார ஸ்கூட்டர் என்று உற்பத்தி விரிந்துகொண்டே போகிறது. அதற்கு முன்பும் பின்பும் தருமபுரிப் பக்கத்து ஆட்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும் போனவர்கள். இன்று அந்த வீடுகளின் பிள்ளைகள் ஓசூர் லைன்களில் நிற்கிறார்கள். புதிய மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்களை அதிகமாக எடுக்கிறார்கள். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வரும் 19 வயதுப் பெண்ணுக்கு இதுதான் முதல் சம்பளம், ஹாஸ்டல் அறைதான் வீட்டை விட்டுத் தங்கும் முதல் இடம். வீட்டில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருக்கும், ‘எப்ப கல்யாணம்’ என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பக்கம் தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர் அளவு. காலை 6 மணி ஷிப்டுக்கு வர வேண்டியவர் நாலு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். சமையலும் அவர்தான் என்றால் இன்னும் முன்னால். எட்டு மணி நேர வேலை என்பது ஏட்டில்தான். பஸ் நேரத்தையும் சேர்த்தால் அவருடைய நாள் பதினொரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

மொழியும் ஒன்று இல்லை. தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்தவர்கள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். நிரந்தர ஊழியர், அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்ற மூன்று அடுக்கு வேறு. ஒரே வேலைக்கு மூன்று சம்பளம், சில இடங்களில் மூன்று நிறச் சீருடை. பிணைப்பு உருவாகாமல் போவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

மேலாளரின் கையில் இருப்பவை

இங்கே மேலாளர் என்று சொல்வது லைன் லீடர், சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ் எல்லாரையும் சேர்த்துத்தான். ஊழியருக்கு நிறுவனம் என்றால் அந்த முகம்தான்.

1. ஷிப்ட் அட்டவணை. இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில்தான் தெரிகிறது என்றால், ஊருக்குப் போவதையோ பிள்ளையின் பள்ளிக் கூட்டத்தையோ யாரும் திட்டமிட முடியாது. இரண்டு வாரம் முன்பே ஒட்டிவிடுவது செலவில்லாத மருந்து. சுழற்சியின் திசையும் முக்கியம்: காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகும் சுழற்சியை உடல் தாங்கிக்கொள்ளும், இரவிலிருந்து மதியத்துக்கும் அங்கிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுத்தால் தூக்கம் அதிகம் கெடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு ஆணை, 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இங்கே மதிய ஷிப்ட் முடித்து இரவு 10 மணிக்குக் கிளம்பியவரை ‘ஆள் இல்ல, காலையில வந்துடு’ என்று 6 மணிக்கு அழைத்தால், பஸ் நேரம் போக அவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே அதிகம். அடுத்த நாள் அவர் முகம் வாடியிருக்கிறதே என்று மனநல வகுப்புக்கு அனுப்புவதில் அர்த்தம் இல்லை.

2. ரிலீவர். கழிவறை போக, தண்ணீர் குடிக்க, மாதவிடாய் நாளில் ஐந்து நிமிடம் உட்கார மாற்று ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கடைகளுக்கும் இது பொருந்தும். நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. இருக்கை போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது திருத்தத்தை மதிப்பதாகாது.

3. தவறைப் பேசும் விதம். ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்தை மேலாண்மை ஆய்வில் பரவலாக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்று பொருள் இல்லை, பயமில்லாமல் சொன்னார்கள். பிறகு ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-ல் எழுதிய கட்டுரையில், கேள்வி கேட்கவும் தவறை ஒப்புக்கொள்ளவும் பயமில்லாத குழு அதிகம் கற்றுக்கொள்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது என்று காட்டினார்.

நம் லைனுக்குக் கொண்டுவந்தால்: ரிஜெக்ட் ஆன பாகத்தைப் படமெடுத்து, செய்தவர் பெயரோடு குரூப்பில் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். படம் போடலாம், பெயர் வேண்டாம். பெயரோடு போட்டால் அடுத்த முறை அந்தப் பாகம் யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் போகும், வாடிக்கையாளர் கையில் போய் வெளியே வரும். அப்புறம், வயதில் மூத்தவரை எல்லார் முன்னாலும் ஒருமையில் அதட்டுவது. திட்டியவர் டீ நேரத்துக்குள் மறந்துவிடுவார். திட்டு வாங்கியவர் அதை வீடுவரை சுமந்துபோவார்.

4. லீவு. ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை வேறு வேறு நாளில் வரும். ஆடி 18, பொங்கல், எருது விடும் விழா, மாங்காய் அறுப்புக் காலம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான். மாதத் தொடக்கத்திலேயே யாருக்கு எப்போது வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டால், கடைசி நேரப் பொய்க் காய்ச்சல்கள் குறையும். எல்லாருக்கும் கொடுக்க முடியாது. போன முறை கிடைக்காதவருக்கு இந்த முறை முதலிடம் என்ற கணக்கு எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால் போதும். கிடைக்காத வருத்தத்தைத் தாங்கிக்கொள்வார்கள், ஓரவஞ்சனையைத் தாங்க மாட்டார்கள்.

5. முதல் மாதம். புதிதாக வந்தவருக்கு அதே பகுதியிலிருந்து வந்த, ஓராண்டாவது வேலை பார்த்த ஒருவரைத் துணையாகப் போட வேண்டும். கேண்டீன் எங்கே, பே ஸ்லிப் எப்படிப் படிப்பது, எந்த பஸ் என்பதெல்லாம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்.

6. நன்றியைக் குறிப்பாகச் சொல்வது. ‘குட் ஜாப்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘நேத்து அந்த ஃபிக்ஸ்சர் ஆடுறதை நீங்க கவனிச்சீங்க, அதனால ஒரு பேட்ச் தப்பிச்சது’ என்பதில் கூடுதல் மரியாதை இருக்கிறது.

தனியாகப் பேசுவது எப்படி?

பயிற்சி வகுப்புகள் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘பரிவோடு கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மின்னணு லைனில் ஒரு பெண். ஆறு மாதமாக நல்ல வேலைக்காரி. இந்த வாரம் நைட் ஷிப்டில் அவருடைய ஸ்டேஷனில் ரிஜெக்ஷன் கூடுகிறது. எல்லார் முன்னாலும் ‘வேலை பார்க்க இஷ்டமில்லையா?’ என்று கேட்டால் கண்ணீரோ மௌனமோதான் பதிலாக வரும். டீ இடைவேளை முடியும் நேரத்தில், மற்றவர் கண்ணில் படும் ஆனால் காதில் விழாத இடத்தில் இப்படிப் பேசலாம்:

“மூணு நாளா உன் ஸ்டேஷன்ல ரிஜெக்ஷன் கொஞ்சம் கூடியிருக்கும்மா. உன்கிட்ட வழக்கமா அப்படி வராது. மெஷின்ல ஏதாவது கோளாறா, இல்ல உடம்பு முடியலையா?”

“ஒண்ணும் இல்லீங்க சார்.”

“சரி, இப்பவே சொல்லணும்னு இல்ல. என்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்தா லைன் லீடர் அக்காகிட்ட சொல்லு. நாளன்னைக்கு நானே ஒருமுறை கேக்கறேன்.”

நாளன்னைக்கு ஞாபகமாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது முறைதான் பதில் வரும்.

“ஹாஸ்டல்ல பகல்ல தூங்க முடியலீங்க சார். ரூம்ல ஆறு பேரு, நாலு பேருக்கு பகல்லதான் ஆஃப். லைட்டு, போனு, பேச்சு... ஒரு மணி நேரம்கூட கண்ணை மூட முடியல.”

மனநலப் பிரச்சினை போலத் தெரிந்தது அறை ஒதுக்கீட்டுப் பிரச்சினையாக முடிகிறது. ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் போடச் சொல்லி ஹாஸ்டல் வார்டனிடமும் ஹெச்ஆரிடமும் பேசுவது சூப்பர்வைசரால் முடிந்த காரியம். அவர் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியவை: பார்த்ததை மட்டும் சொன்னார், காரணத்தைத் தானே ஊகிக்கவில்லை. மெஷினைப் பற்றி முதலில் கேட்டதால் குற்றம்சாட்டும் தொனி வரவில்லை. வற்புறுத்தவில்லை. ஆண் சூப்பர்வைசர் மூடிய அறைக்கு அழைக்கவில்லை, இரவில் போன் செய்யவும் இல்லை. நம் ஊரில் இந்த எல்லை இரண்டு பேரின் நிம்மதிக்கும் அவசியம். சொன்னதைக் கேண்டீனில் போய்ச் சொல்லாமல் இருப்பது இதையெல்லாம்விட முக்கியம். ஒருமுறை வெளியே போனால் அந்த லைனில் யாரும் மறுபடி வாய் திறக்க மாட்டார்கள்.

பிணைப்பு எப்படி உண்டாகிறது?

ஆண்டு விழாவில் கலர் சட்டை போட்டு ஆடினால் ஒரு நாள் சந்தோஷம். பிணைப்பு வளர்வது அன்றாட வேலைக்குள்தான். அதைக் கெடுக்காமல் இருப்பதே பாதி வேலை.

1. குழுவைக் கலைக்காதிருப்பது. ஆள் பற்றாக்குறைக்காகத் தினமும் ஒருவரை லைன் மாற்றினால் அவர் எங்கேயும் விருந்தாளிதான். மாற்றியே தீர வேண்டுமென்றால் இரண்டு பேராகச் சேர்த்து அனுப்பலாம்.

2. சேர்ந்து சாப்பிடும் நேரம். ஒரே குழுவின் இடைவேளையை ஒரே நேரத்தில் வைப்பது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனி வரிசை, தனி மேஜை என்ற ஏற்பாடு எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

3. மொழி. ஷிப்ட் தொடக்கத்தில் சொல்லும் விஷயத்தைத் தமிழ் தெரியாதவருக்கு யார் சொல்வது என்று ஒருவரைக் குறித்துவைக்க வேண்டும். புரியாமல் தலையாட்டுபவர் பாதுகாப்பு விதியையும் தவறவிடுவார், நட்பையும் தவறவிடுவார்.

4. துக்கம். இந்தப் பகுதியில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மறக்க மாட்டார்கள். ஊழியரின் அப்பா இறந்தால், குழுவிலிருந்து நாலு பேர் மாலையோடு போய்வர ஒரு ஷிப்டைச் சரிக்கட்டிக் கொடுக்கும் மேலாளரை அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் நினைக்கும். காரியம் முடிந்து திரும்பியதும் முதல் நாளே ஓவர்டைம் போடாமல், பழகிய ஸ்டேஷனில் விட்டு இரண்டு வாரம் கவனிப்பது அடுத்த படி. வெளிமாநிலத்தவருக்கு ஊரில் சாவு நேர்ந்தால் ரயில் டிக்கெட்டே பெரிய மலை. லீவு நாட்களை இரண்டு மாவட்டம் தள்ளி இருப்பவருக்குக் கணக்கிடுவதுபோல் அவருக்கும் கணக்கிடக் கூடாது.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

மேலாளர் கேட்கலாம், வேலையைச் சரிசெய்யலாம், வழி காட்டலாம். அதற்கு மேல் மருத்துவத்தின் எல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, சாப்பாடும் தூக்கமும் தலைகீழாவது, நெருங்கியவர்களிடமிருந்து விலகுவது, குடி திடீரென்று கூடுவது எல்லாம் மருத்துவ உதவி தேவை என்பதற்கான அறிகுறிகள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்கிவிடாது. பேச வழிதான் திறக்கும். அப்படியான நேரத்தில் அவரைத் தனியே ஹாஸ்டலுக்கோ பஸ்ஸுக்கோ அனுப்பாமல், ஒருவர் கூடவே இருந்து மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

எங்கே போவது? 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை 24 மணி நேரமும் இயங்குகிறது, எண் 14416. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாவற்றிலும் பேசலாம் என்பதால் ஓசூர் போன்ற ஊருக்கு இது மிகவும் பொருத்தம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நாட்டின் முதன்மை மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. எண்ணைச் சுவரில் ஒட்டுவதோடு, அழைத்துப் பேச அரை மணி நேரமும் தனி இடமும் கொடுக்க வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஹெச்ஆர் தங்கள் குரூப் பாலிசியை எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, அடிப்பது ஆகியவை ‘ஸ்ட்ரெஸ்’ கணக்கில் வராது, ஆலோசனை சொல்லித் தீர்ப்பவையும் இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சூப்பர்வைசர் ‘நான் பேசி முடிச்சிடறேன்’ என்று நடுவில் நிற்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கெடுதல்.

சூப்பர்வைசருக்கு மேலே இருப்பவர்கள்

இவ்வளவையும் சூப்பர்வைசர் தலையில் கட்டிவிட்டு மேலே இருப்பவர்கள் நகர்ந்துவிட முடியாது. மேலிருந்து டார்கெட், கீழிருந்து குறை, நடுவில் நிற்பவர் அவர். கராசெக்கின் அளவுகோலில் வைத்தால் மிக மோசமான கட்டத்தில் இருப்பவரும் அவராகவே இருக்கலாம்.

அவருக்குத் தேவையானவை மூன்று. முதலாவது, கூடுதல் ஆள்: ரிலீவரும் லீவு மாற்றும் எண்ணிக்கையில் சேர்க்கப்படாத லைனில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. இரண்டாவது, அதிகாரம்: ஷிப்ட் மாற்றம், இரண்டு நாள் லீவு போன்றவற்றுக்கு நாலு கையெழுத்து தேவைப்பட்டால் அவர் பரிவு காட்டி என்ன பயன்? மூன்றாவது, அவர் போய்ப் பேச ஒருவர். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. அந்த நல அலுவலரைப் பண்டிகைக்கு இனிப்பு வாங்கவும் பஸ் கணக்கு பார்க்கவும் மட்டும் வைத்திருந்தால் சட்டத்தின் நோக்கமே வீண்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆடம்பரமான சர்வே தேவையில்லை. சர்வேயில் எல்லாரும் ‘நல்லா இருக்கேன்’ என்றே டிக் அடிப்பார்கள். யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள், சொல்லாமல் எடுக்கும் லீவு எந்த லைனில் அதிகம், நைட் ஷிப்ட் வாரத்தில் மருத்துவ அறைக்கு வருபவர்கள் கூடுகிறார்களா, எந்த சூப்பர்வைசரின் கீழிருந்து மாற்றல் கேட்டு மனுக்கள் வருகின்றன என்ற நாலு கணக்கும் ஹெச்ஆர் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. லைன்வாரியாகப் பிரித்து மாதம் ஒருமுறை ஆலை மேலாளரின் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அதே கூட்டத்தில் உற்பத்தி எண்ணிக்கைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்களோ, அதில் கால் பங்கை இதற்குக் கொடுத்தால்கூட, எந்த அட்டவணையை மாற்ற வேண்டும், எங்கே ஆள் போட வேண்டும் என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிடும்.